கல்யாண வருடமும் ஐந்து வருட முகவரியும்

வன்னியில் எமது பிள்ளைகளுக்கு அரச நியமனம் கிடைப்பதும் கல்யாணம் பேசி முடிவதும் பெரும்பாலும் ஒரே வருடத்தில்தான் நடக்கின்றன. நியமனக் கடிதம் கைக்கு வந்த கிழமையே வீட்டுக்கு ஆள் வந்துவிடும். அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒரு வருடத்துக்குள் புது வேலை, நிக்காஹ், வலீமா, விருந்து, ஹனிமூன் என்று எல்லாம் வந்து குவிய, காசையும் நாட்களையும் எதற்கு முதலில் ஒதுக்குவது என்று தெரியாமல் இளம் தம்பதிகள் திண்டாடுவதைப் பார்க்கிறேன்.

நான் வவுனியாவில் ஓர் ஆசிரியர். ஒவ்வொரு வருடமும் மே, ஜூன் மாதங்களில் தரம் 1 அனுமதி விண்ணப்பப் படிவங்களோடு வருகிறவர்களுக்கு அதை நிரப்பிக் கொடுப்பது எனது சம்பளமில்லாத இரண்டாவது வேலை. இருபது வருடம் அந்த வேலை பார்த்த அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். பாடசாலை விண்ணப்பம் பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது தொடங்குவதில்லை. அது பெற்றோர் கல்யாணம் முடித்த வருடத்திலேயே தொடங்கிவிடுகிறது. வடபுல முஸ்லிம்களான எங்களுக்கு இது மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பொருந்தும். ஏன் என்று விளக்குகிறேன்.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம், கிளிநொச்சியின் நாச்சிக்குடா, வவுனியாவின் சாளம்பைக்குளம் என்று ஊர்கள் காலியாகின. பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் ஓலைக் கொட்டிலில் தொடங்கி, பிறகு கல்வீடு கட்டி, அங்கேயே பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு மீள்குடியேற்றம் ஆரம்பித்தது. ஆனால் இருபது வருடம் வாழ்ந்த இடத்தை ஒரே நாளில் யாராலும் விட்டுவர முடியாது. வாப்பா காணி துப்புரவாக்க முல்லைத்தீவுக்கு வந்தார். உம்மா பிள்ளைகளின் பரீட்சைக்காகப் புத்தளத்தில் நின்றார். அப்படியே ஒரு குடும்பத்துக்கு இரண்டு முகவரி உண்டானது. இடம்பெயர்ந்தோர் தமது பழைய ஊரிலேயே வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள 2017இல் விசேட ஏற்பாட்டுச் சட்டம் ஒன்றும் கொண்டுவரப்பட்டது. வாக்குரிமையைப் பொறுத்தவரை அது நியாயமான ஏற்பாடு. துரத்தப்பட்டவன் தனது ஊரின் வாக்கையும் இழக்கக் கூடாது.

இந்த இரட்டை முகவரிக்கு நாங்கள் கொடுத்த விலையும் உண்டு. 2019 நவம்பர் 16ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலன்று, புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்ற எமது மக்களின் பஸ்கள் மீது தந்திரிமலையில் துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அது செய்தியில் வந்தது. ஆனால் அதே இரட்டை முகவரியால் ஒவ்வொரு வருடமும் பாடசாலை நேர்முகப் பரீட்சையில் நடப்பது எந்தச் செய்தியிலும் வருவதில்லை.

தரம் 1 அனுமதிக்கு கல்வி அமைச்சு வருடாவருடம் சுற்றுநிருபம் வெளியிடுகிறது. விபரங்கள் கொஞ்சம் கொஞ்சம் மாறினாலும் அடிப்படை பல வருடமாக ஒன்றுதான். பாடசாலையில் உள்ள இடங்களில் 50 வீதம் அண்மையில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு. 25 வீதம் அதே பாடசாலையின் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு. 15 வீதம் ஏற்கெனவே அங்கே படிக்கும் பிள்ளைகளின் சகோதரருக்கு. 5 வீதம் கல்வித் துறையில் நேரடியாகப் பணிபுரிவோரின் பிள்ளைகளுக்கு. மிச்சம் இடமாற்றம் பெற்ற அரச ஊழியர்களுக்கும் வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு திரும்பியவர்களுக்கும்.

இதை எமது நிலைமையோடு பொருத்திப் பாருங்கள். இன்று இருபத்தெட்டு வயதில் வன்னியில் குடியேறும் ஒரு மாப்பிள்ளை படித்தது புத்தளத்தில். ஆகவே வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ அவர் எந்தப் பாடசாலைக்கும் பழைய மாணவர் இல்லை. 25 வீதம் போயிற்று. முதல் பிள்ளைக்கு மூத்த சகோதரர் கிடையாது. 15 வீதமும் போயிற்று. மிஞ்சுவது அண்மை வசிப்பிடம் ஒன்றுதான். அந்தப் பிரிவிலே புள்ளி எதற்கெல்லாம் கொடுக்கிறார்கள்? விண்ணப்பிக்கும் வருடத்துக்கு முந்திய ஐந்து வருட வாக்காளர் இடாப்பில் தாயும் தந்தையும் அந்த முகவரியில் இருக்கிறார்களா என்று பார்க்கிறார்கள். வீடு யாருடைய பெயரில், எத்தனை வருடமாக இருக்கிறது என்று பார்க்கிறார்கள். அடையாள அட்டை, மின்சாரப் பட்டியல், நீர்ப் பட்டியல் என்பவற்றில் அதே முகவரி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். வீட்டுக்கும் விண்ணப்பித்த பாடசாலைக்கும் நடுவில் பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு பாடசாலை இருந்தால், ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி கழிக்கிறார்கள்.

இப்போது ஒரு கணக்கு. 2024 டிசம்பரில் ஒரு நிக்காஹ் நடந்ததாக வைத்துக்கொள்வோம். 2025 நவம்பரில் பிள்ளை பிறக்கிறது. ஜனவரி 31ஆம் திகதி ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பது விதி என்பதால் அந்தப் பிள்ளை 2031 ஜனவரியில் தரம் 1க்குப் போகும். விண்ணப்பம் 2030 நடுப்பகுதியில். அதற்கு முந்திய ஐந்து வருட இடாப்பு என்றால் 2025, 2026, 2027, 2028, 2029. அதாவது முதலாவது இடாப்புக்குக் கிராம அலுவலர் பீ.சீ. படிவம் கொண்டுவரும்போது பிள்ளை பிறந்திருக்கவும் மாட்டாது. கல்யாண மருதாணி அழிந்து சில மாதம்தான் ஆகியிருக்கும். அந்தச் சமயத்தில் மாப்பிள்ளையின் பெயர் முல்லைத்தீவில், பெண்ணின் பெயர் புத்தளத்தில், இருவரும் குடியிருப்பது பட்டானிச்சூரில் என்றால் அந்த வருடத்துப் புள்ளி போனதுதான். 2030இல் யாரிடம் ஓடினாலும் 2025ஆம் ஆண்டு இடாப்பைத் திருத்த முடியாது.

காணி விஷயமும் அப்படியே. எமது பகுதிகளில் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. வீட்டைக் கொடுத்துவிடுவார்கள், எழுத்தைக் கொடுப்பதில்லை. உறுதி மாமியின் பெயரிலேயே கிடக்கும். இன்னும் சில இடங்களில் காணி அனுமதிப்பத்திரம் மௌத்தாகிப் போன அப்பாவின் பெயரில், அதுவும் 1990இல் ஊரைவிட்டு வெளியேறியபோது தொலைந்துபோய், பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்க வேண்டிய நிலையில் இருக்கும். பெற்றோரின் பெயரில் உள்ள வீட்டுக்கும் புள்ளி உண்டு, ஆனால் குறைவு. கல்யாணத்துக்கு மண்டபமும் அலங்காரமும் பேசும் வீட்டார் அந்தக் கிழமையிலேயே ஒரு நொத்தாரிசையும் பேசிக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? பெண் வீட்டாரிடம் வீட்டை வாங்குவதே சரியா என்பது வேறு கேள்வி. எனக்கு அதில் உடன்பாடில்லை, பல தடவை சொல்லியும் இருக்கிறேன். ஆனால் மகளுக்கென்று மனமுவந்து கொடுத்த வீடு என்றால் அதை மகளின் பெயரில் எழுதிக் கொடுப்பதுதான் கொடுத்ததாகும்.

இதைச் சொன்னால் சிலர் உடனே வேறு வழி கேட்பார்கள். நகரத்தில் தெரிந்தவரின் வீட்டு முகவரியில் பெயரைப் போட்டுவிடலாமா, பழைய திகதியில் ஒரு வாடகை ஒப்பந்தம் எழுதலாமா என்று. எனது பதில் எப்போதும் ஒன்றுதான். அது பொய். பிள்ளையின் படிப்பைப் பொய்யிலிருந்து தொடங்குவது எமது மார்க்கத்துக்கும் ஆகாது, சட்டத்துக்கும் ஆகாது. பாடசாலைகள் வீட்டுக்கே வந்து பார்க்கின்றன. போலி ஆவணம் என்று தெரியவந்தால் பிள்ளையை அனுமதித்த பிறகும் நீக்கலாம். ஏழு வயதுப் பிள்ளை அந்த அவமானத்தை ஏன் சுமக்க வேண்டும்?

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் பாதி உண்மைதான் சொன்னவனாவேன். இந்தப் புள்ளிப் போட்டி எல்லாம் வவுனியா நகரத்தின் சில பெரிய பாடசாலைகளுக்கும் புத்தளம் ஸாஹிரா போன்றவற்றுக்கும்தான். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாவின் கிராமப்புற முஸ்லிம் பாடசாலைகளில் நிலைமை நேர் எதிர்மாறு. அங்கே விண்ணப்பித்தால் இடம் நிச்சயம், பிள்ளைதான் இல்லை. மாணவர் தொகையை வைத்துத்தான் ஆசிரியர் ஆளணி கணக்கிடப்படுகிறது. பிள்ளை குறைந்தால் ஆசிரியர் குறைவார். ஆசிரியர் குறைந்தால் இருக்கிற பெற்றோரும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு புத்தளத்துக்குத் திரும்புவார்கள். பள்ளிவாசல் கட்டி, வீட்டுத் திட்டம் பெற்று, குழாய்க் கிணறு தோண்டி மீட்டெடுத்த ஊர், தரம் 1இல் மூன்று பிள்ளைகள் என்ற கணக்கில் நின்றுபோகலாம். மீள்குடியேற்றம் வெற்றியா தோல்வியா என்று அரசியல்வாதிகள் மேடையில் வாதிடுகிறார்கள். நான் அதைத் தரம் 1 வரவு இடாப்பில் பார்க்கிறேன்.

ஆகவே புதுத் தம்பதி தமது முகவரியை எங்கே வைக்கிறார்கள் என்பது அவர்களின் சொந்த விஷயம் மட்டுமல்ல. அதற்காக எல்லோரும் கட்டாயம் ஊருக்கு வந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேலை, வயதான பெற்றோர், ஆஸ்பத்திரி என்று ஆயிரம் காரணம் இருக்கும். நான் கேட்பதெல்லாம் ஒரு முடிவை எடுங்கள் என்பதுதான். நீராவிப்பிட்டியா, பட்டானிச்சூரா, புத்தளமா? கல்யாணம் பேசும்போதே கதைத்து, எடுத்த முடிவின்படி இருவரின் பெயரையும் ஒரே இடத்தில் பதியுங்கள். இரண்டு படகில் கால் வைத்த பெற்றோரின் பிள்ளைக்கு நகரத்துப் பாடசாலையும் கிடைப்பதில்லை, ஊர்ப் பாடசாலையும் பழகுவதில்லை.

இந்த மூன்று சுமையும் உண்மையிலேயே ஒரே வருடத்தில் ஒருவர் தலையில் விழுந்ததை அண்மையில் பார்த்தேன். எனது பழைய மாணவி ஒருவர். சிறு வயதிலேயே கணவரை இழந்தவர், ஒரு மகள். புத்தளத்தில் உம்மாவோடு இருந்து படித்து ஆசிரியர் நியமனம் பெற்றார். துணுக்காய் வலயத்தில் ஓர் அதிகஷ்டப் பிரதேசப் பாடசாலை. அதே வருடம் மறுமணமும் கூடிவந்தது. மாப்பிள்ளை முல்லைத்தீவைச் சேர்ந்தவர், மேசன் வேலை. வவுனியாவில் சாச்சியின் வீட்டுக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு எடுத்தார்கள். மகளுக்கு அடுத்த வருடம் தரம் 1. “ஸேர், நான் டீச்சர்தானே, எனக்கு அந்த 5 வீதத்தில கிடைக்கும்தானே?” என்று நம்பிக்கையோடு கேட்டார்.

கிடைக்கவில்லை. அந்தப் பிரிவிலும் சேவைக் காலத்துக்கு ஏற்பத்தான் புள்ளி. வருடம் ஒன்றுகூட நிறையாதவருக்கு அதில் கிடைப்பது சொற்பம். அண்மை வசிப்பிடத்தில் விண்ணப்பித்தால், அவரின் பெயர் ஐந்து வருடமும் புத்தளம் இடாப்பில். கணவரின் பெயர் முல்லைத்தீவு இடாப்பில். வவுனியா முகவரியில் இருந்தது ஏழு மாத வாடகை ஒப்பந்தமும் ஒரு மின்சாரப் பட்டியலும் மட்டும். நகரத்துப் பாடசாலையின் பட்டியலில் மகளின் பெயர் வரவில்லை. மேன்முறையீடு செய்தார்கள், அதிலும் வரவில்லை. யாரும் அவருக்கு அநியாயம் செய்யவில்லை. விதிப்படிதான் நடந்தது. கடைசியில் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த சிறிய முஸ்லிம் பாடசாலையில் மகளைச் சேர்த்தார். வகுப்பில் பதினான்கு பிள்ளைகள். ஆசிரியைக்கு ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் அதன் உம்மம்மாவின் பெயரும் தெரியும். நகரத்தில் நாற்பது பேரோடு உட்காருவதைவிட அது மோசம் என்று என்னால் சொல்ல முடியாது. எமது பெற்றோர் சிறிய பாடசாலை என்றாலே முகம் சுளிப்பதை நிறுத்தினால் நல்லது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எங்கே படித்தாலும் ஒன்றுதான். தரம் 6க்கு மாறும் வழி அப்போதும் திறந்திருக்கும்.

ஆனால் அந்த மாணவி இந்த வருடம் செய்த வேலை எனக்குப் பிடித்தது. கணவரின் பெயரையும் தனது பெயரையும் வவுனியா முகவரிக்கு மாற்றினார். மகளுக்கு இனி அது தேவைப்படாமல் போகலாம். அடுத்து ஒரு பிள்ளை பிறந்தால் அதற்கு உதவும்.

இனி வேலையும் காசும். முதல் நியமனம் பெற்றவர்களுக்கு நான் சொல்லும் முதல் வார்த்தை: சம்பளம் உடனே வரும் என்று எண்ணி எதையும் பேசாதீர்கள். சுயவிபரக் கோவை திறந்து, வலயக் கல்வி அலுவலகத்தில் பெயர் ஏறி, முதலாவது சம்பளம் வங்கிக்கு வர இரண்டு மூன்று மாதம்கூட எடுக்கும். பிறகு நிலுவையோடு சேர்ந்து மொத்தமாக வரும். அந்த மொத்தத் தொகையைக் கண்டதும் கை துறுதுறுக்கும். அதை மண்டபத்துக்கு முற்பணமாகக் கட்டிவிட்டு அடுத்த மாதம் பஸ் காசுக்குக் கடன் கேட்ட தம்பிமாரைத் தெரியும். வவுனியாவிலிருந்து ஏ9 பாதையால் மாங்குளம் போய், அங்கிருந்து துணுக்காய்ப் பக்கமோ ஒட்டுசுட்டான் பக்கமோ பஸ் மாறிப் போகிறவருக்குப் போக்குவரவுச் செலவே ஒரு பெரிய தொகை. கிழமைநாட்களில் பாடசாலைக்கு அருகில் தங்கினால் இரண்டு அடுப்பு எரியும். இதையெல்லாம் ஆறு மாதம் வாழ்ந்து பார்த்த பிறகுதான் மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்று தெரியும். அதற்குப் பிறகு வலீமாவுக்கு நாள் குறித்தால் மாப்பிள்ளைக்கும் நல்லது, சமையல்காரருக்கும் நல்லது.

அரச ஊழியருக்கு இடர்கடன் உண்டு, ஆனால் வட்டியோடு. அதைத் தவிர்க்க விரும்புகிறவர்களுக்குப் பெருநாள் காலத்தில் வட்டியில்லாத பண்டிகை முற்பணம் இருக்கிறது. தொகை சிறியது. இதைவிட நான் கண்ட வரையில் ஆசிரியர் அறையில் போடும் சீட்டுதான் எமது ஆசிரியர்களுக்குக் கைகொடுத்திருக்கிறது. பத்துப் பேர், பத்து மாதம், கழிவு இல்லை, வட்டி இல்லை. கல்யாணம் உள்ளவருக்கு அந்த மாதச் சீட்டை விட்டுக்கொடுப்பார்கள். எனது கல்யாணத்துக்கும் அப்படித்தான் விட்டுக்கொடுத்தார்கள்.

நிக்காஹ் முடிந்ததும் பதிவுச் சான்றிதழில் நாலைந்து பிரதிகள் எடுத்து வையுங்கள். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி பதிவு இல்லாததால் மட்டும் நிக்காஹ் செல்லாமல் போகாது என்பதை வைத்துச் சிலர் அலட்சியமாக இருக்கிறார்கள். செல்லும், ஆனால் ஓர் அலுவலகத்தில் ஒரு காரியமும் நடக்காது. ஒரு பிரதி சுயவிபரக் கோவைக்குப் போக வேண்டும். விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத் திட்டத்தில் துணையின் பெயரைப் பதியவும், அக்ரஹார மருத்துவக் காப்புறுதியில் சேர்க்கவும் அது வேண்டும். புகையிரத வொறண்டில் மனைவியின் அல்லது கணவரின் பெயர் வருவதும் அதன் பிறகுதான். அந்தக் கடைசி விஷயத்தைச் சொன்னால் இளைஞர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆம், ஹனிமூனுக்கு வருகிறேன். எமது பெரியவர்கள் பலர் அதை வெள்ளைக்காரப் பழக்கம் என்று தள்ளிவிடுகிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. கல்யாணத்துக்கு முன்னர் ஒரு தடவைகூடத் தனியாக இருந்து கதைக்காத இரண்டு பேர், நாலு சுவருக்குள் மாமியும் மச்சாளும் சூழ இருந்து ஒருவரையொருவர் எப்படிப் புரிந்துகொள்வார்கள்? மூன்று நாள் வெளியில் போய்வரட்டும். அது மாலைதீவாகவோ மலேசியாவாகவோ இருக்க வேண்டும் என்பதில்தான் எனக்குப் பிரச்சினை. கடன்பட்டுப் போகும் ஹனிமூன் திரும்பி வந்த மாதத்திலேயே முதல் சண்டையாக மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஆட்களுக்கு இதில் தனியான ஒரு சிக்கல் இருக்கிறது, விருந்து. 1990க்கு முன்னர் விருந்து என்றால் நாலு வீடு தள்ளி நடந்து போவது. இப்போது பெரியம்மா கற்பிட்டியில், மாமா நீர்கொழும்பில், இன்னொரு சாச்சா பாணந்துறையில், மிச்சப் பேர் அநுராதபுரத்தில். ஒருவரின் வீட்டுக்குப் போய் மற்றவரின் வீட்டுக்குப் போகாவிட்டால் கோபம். விருந்து இலவசம் என்று நினைக்காதீர்கள். பழக்கூடை, பலகாரம், வான் கூலி என்று ஒரு ஹோட்டல் செலவை அது விழுங்கிவிடும். ஆசிரியர்களுக்கு விடுமுறையும் தவணைக்குத் தவணைதான், அதையும் விழுங்கிவிடும். எனது யோசனை, இரண்டையும் ஒரே பாதையில் கோருங்கள். கற்பிட்டியில் ஒரு நாள், நீர்கொழும்பில் ஒரு நாள், அங்கிருந்து புகையிரதம். மிச்ச விருந்துகளை அடுத்த பெருநாளுக்குத் தள்ளுங்கள். யாரும் மௌத்தாகப் போவதில்லை.

எங்கே போவது என்பதைப் பாடசாலை விடுமுறையே பாதி தீர்மானித்துவிடும். ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போகாதீர்கள், அது அங்கே வசந்த காலம், ஒரு கட்டிலுக்கு மூன்று மடங்கு விலை. ஓகஸ்ட் என்றால் திருகோணமலை நல்லது, கடல் அமைதியாக இருக்கும். வவுனியாவில் காலையில் பஸ் ஏறினால் ஹொரவப்பொத்தானை வழியாக ளுஹருக்குப் போய்ச் சேரலாம், ஹலால் சாப்பாட்டுக்கும் தேடி அலையத் தேவையில்லை. டிசம்பரில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும், அப்போது மலைநாட்டுப் பக்கம் போகலாம், மண்சரிவு எச்சரிக்கையை விசாரித்துக்கொண்டு. வவுனியாவிலிருந்து பொல்கஹவெல வரை வந்து அங்கே பதுளைப் புகையிரதத்துக்கு மாறலாம். கொழும்பு வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. ஆசன முன்பதிவை ஒரு மாதத்துக்கு முன்னரே பார்த்துவிடுங்கள், விடுமுறை நாட்களில் உடனே முடிந்துவிடும். வொறண்ட் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே நிலையத்தில் கொடுத்துப் பயணச்சீட்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். புது நியமனக்காரர் தமக்கு எப்போதிருந்து எத்தனை வொறண்ட் என்பதை வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

நான் மேலே சொன்ன மாணவி போனது அந்தப் பாதையால்தான். பாடசாலை மேன்முறையீடு தோற்ற மாதம், வீட்டில் எல்லோரும் சோர்ந்து போயிருந்தார்கள். மகளை உம்மாவிடம் விட்டுவிட்டுப் போகச் சொல்லித்தான் எல்லோரும் யோசனை சொன்னார்களாம். கணவர் கேட்கவில்லை. “மூணு பேராத்தானே குடும்பம் தொடங்கினோம்” என்று மகளுக்கும் சேர்த்து இரண்டாம் வகுப்பில் சீட்டு எடுத்தார். வவுனியாவில் வீட்டிலேயே கட்டிய சோற்றுப் பார்சல், நானுஓயாவில் இறங்கி ஒரு சிறிய விருந்தினர் விடுதியில் இரண்டு இரவு. குளிருக்குச் சாச்சியின் மகளுடைய பழைய ஸ்வெட்டர்.

மகள் இப்போது தரம் 1இல் இருக்கிறாள். வழியில் எத்தனை சுரங்கம் வந்தது என்று எண்ணிக்கொண்டே போனாளாம். கேட்கும்போதெல்லாம் வேறு ஒரு எண்ணைச் சொல்கிறாள்.